முதல் வரிசை பிக் கையில் இருந்தால் என்ன செய்வது? என்.எஃப்.எல். டிராஃப்ட்டின் கணக்கு

ஒவ்வோர் ஏப்ரல் கடைசியிலும் அமெரிக்க விளையாட்டுச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரே குழப்பம் வரும். அந்த ஆண்டின் மிகச் சிறந்த இளம் வீரரை எடுக்கும் வாய்ப்பைக் கையில் வைத்திருக்கும் அணி, அதை வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நிற்கும். இன்னோர் அணி ஒரே ஒரு வீரருக்காக அடுத்தடுத்த ஆண்டுகளின் வாய்ப்புகளையும் சேர்த்து அள்ளிக் கொடுக்கும். இரண்டில் எது அறிவுள்ள செயல்? பதில் வீரரின் திறமையில் மட்டும் இல்லை. சம்பள விதிகளிலும், கணிப்பு எவ்வளவு தவறும் என்பதிலும், வாங்குபவரின் அவசரத்திலும் இருக்கிறது.

இங்கே பேசுவது அமெரிக்கன் ஃபுட்பால், அதன் 32 அணிகள் கொண்ட தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். பற்றி. நாம் கால்பந்து என்று சொல்வது வேறு ஆட்டம்.

## டிராஃப்ட் எப்படி நடக்கிறது

ஐ.பி.எல். ஏலத்தில் பணம் உள்ள அணி வீரரை எடுக்கும். டிராஃப்ட்டில் ஏலமே கிடையாது. கல்லூரி அணிகளிலிருந்து வரும் வீரர்களை அணிகள் முறை வைத்து, ஒவ்வொருவராக எடுக்கின்றன. அந்த ஒரு முறைதான் பிக். மொத்தம் 7 சுற்றுகள், மூன்று நாள்கள். முதல் சுற்று முழுவதும் வியாழக்கிழமை இரவில் முடிந்துவிடும்.

வரிசை தலைகீழானது. முந்தைய பருவத்தில் பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகள் முதல் 18 இடங்களில் நிற்கும். அவற்றில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் பிக். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணிக்கு 32-ஆவது. வெற்றிக் கணக்கு சமமாக இருந்தால், எளிய எதிரிகளோடு ஆடிய அணிக்கே முன்னுரிமை. எளிய எதிரிகளிடமும் தோற்றதால் அது இன்னும் பலவீனமான அணி என்பது காரணம். பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாத வீரரை எடுக்க முடியாது.

பிக்கை வேறு பிக்குகளுக்கோ வீரர்களுக்கோ மாற்றிக்கொள்ளலாம்; விற்பது, வாங்குவது என்று கீழே சொல்வதெல்லாம் இந்த மாற்றத்தைத்தான். அடுத்த ஆண்டுகளின் பிக்குகளையும் இப்போதே கொடுக்கலாம். சிக்கல் முழுவதும் இந்த உரிமையிலிருந்துதான் தொடங்குகிறது.

## ஒரு பிக்கின் உண்மையான மதிப்பு: சம்பள இடைவெளி

2010-இல் முதல் பிக்காக வந்த சாம் பிராட்ஃபோர்டு, ஓர் ஆட்டம்கூட ஆடாமலே 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அதில் 5 கோடி உறுதிப்பணம். ஆள் சரியில்லை என்றாலும் கொடுத்தே ஆக வேண்டிய தொகை அது. அந்தக் காலத்தில் முதல் பிக் பரிசா, தண்டனையா என்று கேட்பதில் நியாயம் இருந்தது.

2011-இல் லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான தொழிலாளர் ஒப்பந்தம் மாறியது. புதிய வீரரின் சம்பளம், எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதை வைத்து ஏறத்தாழ நிர்ணயமாகிவிடும் முறை வந்தது. அந்த ஆண்டின் முதல் பிக் கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது 4 ஆண்டுக்கு 2.2 கோடி டாலர். ஒரே ஆண்டில் விலை இப்படி இறங்கியது.

அண்மைக் கால எண்களைப் பாருங்கள். 2024-இன் முதல் பிக் கேலெப் வில்லியம்ஸின் ஒப்பந்தம் 4 ஆண்டுக்குச் சுமார் 3.95 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடி. அதே ஆண்டு டாக் பிரெஸ்காட் என்ற அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆண்டுக்கு 6 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பு அந்த ஆண்டில் 25.54 கோடி. இளம் குவார்ட்டர்பேக் ஒருவர் நன்றாக ஆடினால், மொத்தப் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கு அணிக்கு மிச்சமாகிறது. அந்தப் பணத்தில் இரண்டு மூன்று தரமான வீரர்களை வெளிச்சந்தையில், அதாவது பழைய ஒப்பந்தம் முடிந்தவர்களிடமிருந்து, வாங்கலாம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விதி கிடைக்கிறது. புதிய வீரரின் சம்பளம் இடத்தைப் பொறுத்தது, அவர் ஆடும் பொறுப்பைப் பொறுத்தது அல்ல. வெளிச்சந்தையிலோ பொறுப்புக்குப் பொறுப்பு விலை மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது. 2025 பருவத் தொடக்கத்தில் உச்ச ஆண்டுச் சம்பளங்கள் ஏறத்தாழ இப்படி இருந்தன:

1. குவார்ட்டர்பேக்: 6 கோடி டாலர்
2. எட்ஜ் ரஷர் (எதிரணியின் குவார்ட்டர்பேக்கை ஓரத்திலிருந்து துரத்துபவர்): 4.7 கோடி
3. வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்): 4 கோடி
4. டாக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐவர் வரிசையின் ஓர ஆள்): 2.8 கோடிக்குச் சற்று மேல்
5. ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்): 2 கோடிக்குச் சற்று மேல்
6. சென்டர் (காவல் வரிசையின் நடு ஆள்): 1.8 கோடி

மேல் இடத்துப் பிக்கை ரன்னிங் பேக்குக்குச் செலவிடுவது ஏன் வீண் என்பதற்கு நியூயார்க் ஜயன்ட்ஸ் நல்ல உதாரணம். 2018-இல் 2-ஆவது பிக்கில் அவர்கள் சக்வான் பார்க்லியை எடுத்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 3.1 கோடி டாலர் உறுதிப்பணம். அவர் ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிறவித் திறமை. ஆனால் 2024-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரையே வெளிச்சந்தையில் 3 ஆண்டுக்கு 3.775 கோடிக்கு வாங்கிக்கொண்டது. ஒரு பிக்கும் செலவில்லை. அந்தப் பருவத்தில் அவர் 2,005 யார்டு ஓடினார், ஈகிள்ஸ் சூப்பர் பவுல் வென்றது. காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும் பொருளுக்கு யாரும் அரிய பிக்கைச் செலவழிக்கக் கூடாது. தரமான குவார்ட்டர்பேக்கோ எட்ஜ் ரஷரோ கடைக்கு வருவதே அபூர்வம். அணிகள் விடமாட்டார்கள்.

## கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது

பொருளாதார அறிஞர்கள் கேட் மேசியும் ரிச்சர்டு தேலரும் டிராஃப்ட் தரவுகளை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேலர் 2017-இல் பொருளாதார நோபல் பெற்றவர். ஒரே பொறுப்பில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரண்டு வீரர்களில், முதலில் எடுக்கப்பட்டவரே சிறந்தவராக அமைந்தது சுமார் 52 சதவீதம் நேரங்களில்தான் என்று அவர்கள் காட்டினார்கள். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். எல்லா அணிகளும் அதே காணொளிகளைப் பார்க்கின்றன. இண்டியானாபொலிஸில் நடக்கும் காம்பைன் சோதனையில் ஒரே மருத்துவ அறிக்கைகளையும் ஓட்ட நேரங்களையும் பெறுகின்றன. ஆகவே "நமக்கு மட்டும் தெரியும்" என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு.

2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள்: பேக்கர் மேஃபீல்டு 1-ஆவது, சாம் டார்னால்டு 3-ஆவது, ஜாஷ் ஆலன் 7-ஆவது, ஜாஷ் ரோசன் 10-ஆவது, லமார் ஜாக்சன் 32-ஆவது. பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதை ஜாக்சன் 2019-இலும் 2023-இலும், ஆலன் 2024-இலும் வாங்கினார்கள். ரோசனை எடுத்த அணி ஒரே ஆண்டில் அனுப்பிவிட்டது. கடைசியாக எடுக்கப்பட்டவர்தான் முதலில் விருது வாங்கினார்.

இதற்காகக் கணிப்பே பொய் என்று சொல்லிவிட முடியாது. முதல் சுற்று வீரர்கள் கூட்டாக ஐந்தாம் சுற்று வீரர்களைவிடத் தெளிவாக மேலானவர்கள். ஆனால் 3-ஆவதுக்கும் 6-ஆவதுக்கும் உள்ள வித்தியாசம், சந்தை கேட்கும் விலை அளவுக்குப் பெரிதில்லை.

## சந்தை விலை: ஜிம்மி ஜான்சன் அட்டவணை

1990-களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் காலத்தில் அந்த அணி ஒரு விலைப்பட்டியல் போட்டது. முதல் பிக் 3,000 புள்ளி. 2-ஆவது 2,600. 3-ஆவது 2,200. 6-ஆவது 1,600. 10-ஆவது 1,300. 16-ஆவது 1,000. 32-ஆவது 590. அணிகள் இன்று தமக்கென வேறு அட்டவணைகள் வைத்திருந்தாலும், பேச்சுவார்த்தையில் இந்தப் பட்டியலின் நிழல் இன்னும் விழுகிறது. இது வீரர்களின் பிற்கால ஆட்டத்தை அளந்து போட்டதல்ல. அப்போது நடந்த மாற்றங்களை வைத்துப் போட்டது. உச்சியில் விலை செங்குத்தாக ஏறுவதற்கு அதுதான் காரணம். அந்தச் செங்குத்தில்தான் விற்பவருக்கு லாபம்.

2018 மார்ச்சில் நியூயார்க் ஜெட்ஸ் 6-ஆவது இடத்திலிருந்து இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் 3-ஆவது இடத்துக்கு ஏறியது. கணக்கு போட்டுப் பார்ப்போம்:

1. ஜெட்ஸ் பெற்றது: 3-ஆவது பிக், 2,200 புள்ளி.
2. ஜெட்ஸ் கொடுத்தது: 6-ஆவது (1,600), 37-ஆவது (530), 49-ஆவது (410). கூட்டினால் 2,540.
3. அதற்கும் மேல் 2019-இன் இரண்டாம் சுற்று பிக்.

உச்சியை ஏற்கெனவே அதிகமாக மதிப்பிடும் பட்டியலின்படியே இது அதிக விலை. ஜெட்ஸ் டார்னால்டை எடுத்து மூன்று பருவத்தில் கைவிட்டது. கோல்ட்ஸ் மூன்றே இடம் இறங்கி, 6-ஆவதில் குவென்டன் நெல்சனை எடுத்தது. அவர் முதல் மூன்று பருவங்களிலும் லீக்கின் முதல்நிலை அணியில் (ஒவ்வொரு பொறுப்பிலும் பருவத்தின் சிறந்தவர்கள் என்று தேர்வானவர்களின் பட்டியல்) இடம்பெற்றார். 37-ஆவதில் வந்த பிரேடன் ஸ்மித் வலது டாக்கிளாகப் பல ஆண்டுகள் நின்றார். கோல்ட்ஸால் இதைச் செய்ய முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர்களிடம் ஆண்ட்ரூ லக் என்ற குவார்ட்டர்பேக் ஏற்கெனவே இருந்தார், தோள் காயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

எதிர்கால பிக்குக்குத் தனிக் கழிவு உண்டு. அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக்கை, இந்த ஆண்டின் இரண்டாம் சுற்று பிக்குக்குச் சமமாக வைத்துப் பேசுவது வழக்கம். ஓராண்டு காத்திருப்பதற்கு இது கந்துவட்டி. வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில், வேலை போகும் பயத்தோடு இருக்கும் பொது மேலாளர்கள் அந்த வட்டியைக் கட்டுகிறார்கள், பொறுமையுள்ள அணிகள் வாங்கிக்கொள்கின்றன.

## முடிவெடுக்கும் வரிசை

மேல் இடத்தில் நிற்கும் அணி கேள்விகளை இந்த வரிசையில் கேட்க வேண்டும். வரிசை மாறினால் பதிலும் மாறிப்போகும்.

1. நம்மிடம் குவார்ட்டர்பேக் இருக்கிறாரா? அடுத்த நான்கு ஆண்டுக்கு நம்பக்கூடியவர் இல்லையென்றால், மற்ற எல்லாக் கேள்வியும் பிறகுதான்.

2. இந்த ஆண்டு வரும் குவார்ட்டர்பேக்கில் எவரையாவது, தேவை என்ற நெருக்கடி இல்லாமலே இந்த இடத்தில் எடுப்போமா? தேவை மதிப்பெண்ணை ஊதிவிடும். அதனால் முதலில் மதிப்பெண் போட்டு மூடிவிட்டு, பிறகு தேவையைப் பார்க்க வேண்டும். கல்லூரியில் எத்தனை ஆட்டங்கள் தொடங்கியவர், அதாவது முதலிலிருந்தே களமிறங்கியவர், என்று எண்ணுங்கள். 2017-இல் 2-ஆவதாகப் போன மிட்செல் ட்ரூபிஸ்கி 13 ஆட்டம்தான் தொடங்கியிருந்தார். 2021-இல் 3-ஆவதாகப் போன ட்ரே லேன்ஸ் 17. குறைந்த ஆட்டங்களோடு வந்தும் வென்ற கேம் நியூட்டனைப் போன்ற விதிவிலக்கு உண்டு, ஆனால் குறைந்த சான்றுக்கு அதிக விலை கொடுப்பது ஆபத்தையே கூட்டும்.

3. ஆம் என்றால் எடுங்கள். இருக்கும் இடத்திலேயே எடுங்கள். ஏற வேண்டுமென்றால் விலை வேறு கணக்கு, கீழே வருகிறது.

4. இல்லை என்றால், ஒரே தரத்தில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முதல் சுற்று என்று 32 பேரை எடுத்தாலும், ஓர் அணியின் பட்டியலில் உண்மையான முதல் சுற்று மதிப்பெண் பெறுபவர்கள் வழக்கமாக 15 முதல் 20 பேர். 3-ஆவது இடத்தில் நின்று, சம தரமுள்ளவர்கள் 6 பேர் என்றால், 8-ஆவது இடம் வரை இறங்கினால் ஒருவராவது நிச்சயம் மிஞ்சுவார். அதற்குக் கீழே போனால் தரம் ஒரு படி உடையும். படி உடையும் இடத்துக்கு முன்னால் நில்லுங்கள்.

5. சம தரமுள்ளவர்களில் சந்தை விலை அதிகமான பொறுப்பை எடுங்கள். எட்ஜ் ரஷர், டாக்கிள், ரிசீவர், கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) முதலில். ரன்னிங் பேக், கார்டு (காவல் வரிசையில் சென்டருக்கும் டாக்கிளுக்கும் நடுவில் நிற்பவர்), சென்டர், சேஃப்டி (தற்காப்பின் பின்வரிசை ஆள்) பிறகு. நெல்சன் கார்டுதான், விதிக்கு மாறானவர்தான். ஆனால் அவரை எடுத்தபோது இரண்டு கூடுதல் இரண்டாம் சுற்று பிக்குகளும், அடுத்த ஆண்டுக்கு ஒன்றும் கோல்ட்ஸின் கையில் வந்திருந்தன.

6. விற்பதானால் போட்டியை உருவாக்கி விற்க வேண்டும். ஒரே குவார்ட்டர்பேக்கை இரண்டு அணிகள் விரும்பினால்தான் விலை ஏறும். எதிர்கால முதல் சுற்று பிக்கை, நல்ல அணியிடமிருந்து அல்ல, மோசமாக ஆடப்போகும் அணியிடமிருந்து கேளுங்கள்.

நேரமும் ஒரு பொருட்டு. முதல் சுற்றில் தொலைபேசியில் பேரம் பேசச் சில நிமிடங்களே உண்டு. 2003-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் 7-ஆவது பிக்குக்கு மாற்றம் பேசிக்கொண்டிருந்தபோதே நேரம் முடிந்தது. இரண்டு அணிகள் முந்திக்கொண்டு வேறு வீரர்களை எடுத்தன. வைக்கிங்ஸ் 9-ஆவதாக எடுத்த கெவின் வில்லியம்ஸ் ஐந்து முறை லீக்கின் முதல்நிலை அணிக்குத் தேர்வானவர். வீரர் தப்பவில்லை, அது அதிர்ஷ்டம்.

## ஏறுவது எப்போது சரி

2017-இல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 27-ஆவது இடத்திலிருந்து 10-ஆவதுக்கு ஏறி குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. கொடுத்தது 27-ஆவது (680), 91-ஆவது (136), அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக். விலை குறைவில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள் அங்கே பொருந்தின. ஒன்று, முந்தைய பருவத்தில் 12 ஆட்டம் வென்ற அணி அது. கொடுக்கும் எதிர்கால பிக் வரிசையின் பின்பாதியில்தான் விழும். இரண்டு, அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் இருந்ததால் மஹோம்ஸ் ஓராண்டு உட்கார்ந்து கற்றார், முதல் பருவத்தில் ஒரே ஆட்டம்தான் தொடங்கினார். மூன்று, டிராஃப்ட் இரவிலேயே ஏறியதால், விரும்பிய ஆள் மிச்சமிருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தார்கள்.

2023-இல் கரோலினா பேந்தர்ஸ் செய்தது ஏறக்குறைய இதற்கு நேர் எதிர். மார்ச் 10-ஆம் தேதியே சிகாகோ பேர்ஸிடமிருந்து முதல் பிக்கை வாங்கினார்கள். கொடுத்த விலை:

1. 2023-இன் 9-ஆவது பிக் (1,350)
2. 2023-இன் 61-ஆவது பிக் (292)
3. 2024-இன் முதல் சுற்று பிக்
4. 2025-இன் இரண்டாம் சுற்று பிக்
5. ரிசீவர் டி.ஜே. மூர்

முதல் இரண்டும் சேர்ந்து 1,642. மிச்சம் 1,358 புள்ளியை மற்ற மூன்றும் நிரப்ப வேண்டும். 2024 பிக் நடுவில், 16-ஆவது அளவில் விழும் என்று வைத்தால், எதிர்காலக் கழிவைக் கழிக்காமல் 1,000 புள்ளி. விலை பொறுத்துக்கொள்ளக்கூடியதாகவே தெரியும். ஆனால் பேந்தர்ஸ் அந்தப் பருவத்தில் 2 வெற்றி, 15 தோல்வி. அந்த பிக் 2024-இன் முதல் பிக் ஆனது, 3,000 புள்ளி. பேர்ஸ் முதல் பிக்கை விற்று, மறு ஆண்டு அதே முதல் பிக்கைத் திரும்பப் பெற்று கேலெப் வில்லியம்ஸை எடுத்தது. இடையில் மூர் 1,364 யார்டுக்குப் பந்து பிடித்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது, பேந்தர்ஸ் அந்த முதல் பிக்கில் எடுத்த குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் நல்லவரா, 2-ஆவதாகப் போன சி.ஜே. ஸ்ட்ரவுட் நல்லவரா என்பதைவிடப் பெரியது. இளம் குவார்ட்டர்பேக்குக்கு மிக அவசியமான பொருள், திறமையான ரிசீவர். அந்த ரிசீவரையே விலையாகக் கொடுத்து குவார்ட்டர்பேக்கை வாங்கினார்கள். காவல் வரிசையை வலுப்படுத்த உதவியிருக்கும் பிக்குகளும் போய்விட்டன. யங் முதல் பருவத்தில் 62 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். பயிற்சியாளர் 11 ஆட்டத்தில் நீக்கப்பட்டார். இப்படிச் சிதைந்த சூழலில் யார் ஆடியிருந்தாலும் தடுமாறியிருப்பார். 2002-இல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் தன் முதல் பருவத்தில் டேவிட் கார் என்ற இளம் குவார்ட்டர்பேக்கைக் களமிறக்கி 76 முறை விழவைத்ததும் இதே வகைத் தவறு. ஜெட்ஸ் கைவிட்ட டார்னால்டு, 2024-இல் நல்ல பயிற்சியும் நல்ல ரிசீவர்களும் உள்ள மினசோட்டாவில் 14 ஆட்டங்களை வென்று காட்டினார்.

## விற்றாலே வென்றதாகாது

இறங்குவதை வேதமாக்கிக்கொள்பவர்களும் உண்டு. 2012-இல் வாஷிங்டன் அணி ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்குக்காக, அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸுக்கு மூன்று முதல் சுற்று பிக்குகளும் ஓர் இரண்டாம் சுற்று பிக்கும் கொடுத்தது. கிரிஃபின் காயத்தில் சரிந்தார். பேரத்தில் ராம்ஸ் வென்றதாகவே எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அதில் வந்த 2014-இன் 2-ஆவது பிக்கை கிரெக் ராபின்சன் என்ற டாக்கிளுக்குச் செலவிட்டார்கள், அவர் சோபிக்கவில்லை. நிலையான குவார்ட்டர்பேக்கும் கிடைக்கவில்லை. 2012 முதல் 2016 வரை ஒரு பருவத்திலும் தோல்வியைவிட வெற்றி கூடவில்லை.

கடைசியில் 2016-இல் அதே ராம்ஸ், டென்னசி டைட்டன்ஸுக்குப் பிக்குகளை அள்ளிக் கொடுத்து முதல் பிக்குக்கு ஏறி குவார்ட்டர்பேக் ஜாரட் காஃபை எடுத்தது. 2018 பருவத்தில் சூப்பர் பவுலுக்குப் போனது. டைட்டன்ஸுக்கோ அந்தப் பேரத்தில் வந்த 45-ஆவது பிக்கில் ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி கிடைத்தார், 2020-இல் 2,027 யார்டு ஓடினார். இரு தரப்பும் பயனடைந்த அபூர்வப் பேரம் அது.

## எடுத்த பிறகு ஓடும் கடிகாரம்

மலிவான ஒப்பந்தம் நிரந்தரமில்லை. முதல் சுற்று வீரருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம், அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டு. அந்த விருப்பத்தை மூன்றாவது பருவம் முடிந்த மே மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும், சொன்னால் முழுத் தொகையும் உறுதிப்பணம். மூன்று பருவம் முடியாமல் புதிய ஒப்பந்தம் போடவும் விதி இடம் தராது. எனவே இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்த அணிக்குப் பயன்படும் காலம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பருவங்கள்தான். மிச்சமாகும் பணத்தைக் காவல் வரிசைக்கும் ரிசீவர்களுக்கும் அந்த மூன்று பருவத்துக்குள் செலவிட வேண்டும்.

அந்த மே மாதக் கெடுவில் தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஜயன்ட்ஸே சாட்சி. 2018-இல் குவார்ட்டர்பேக்கைத் தவிர்த்து பார்க்லியை எடுத்தவர்கள், 2019-இல் 6-ஆவது பிக்கில் டேனியல் ஜோன்ஸை எடுத்தார்கள். 2022 மே மாதம், சுமார் 2.2 கோடி டாலருக்கு ஐந்தாவது ஆண்டை நீட்டிக்கும் வாய்ப்பை வேண்டாம் என்றார்கள். அந்தப் பருவத்தில் அவர் நன்றாக ஆடினார். 2023 மார்ச்சில் 4 ஆண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் அணியிலிருந்து விடுவித்தார்கள்.